உறுதிமொழிக்கு முன்னர்

மனிதன் தன் விருப்பத்தைத் தானே முன்வந்து பிறரிடம் ஒப்படைக்கும் தருணங்கள் வாழ்வில் மிகச் சிலவே. திருமண ஒப்பந்தம் அவற்றுள் ஒன்று. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது மற்றொன்று. இவை எல்லாவற்றினும் கடுமையானது, படைவீரனாகப் பெயர் பதிந்துகொள்வது. ஏனைய ஒப்பந்தங்களில் பொருளோ உழைப்போ காலமோ பிணையாகின்றன. இதில் உயிரே பிணையாகிறது. அத்தகைய ஒப்பந்தத்தினுள் நுழையுமுன் ஓர் இளைஞன் தன் உடலைத் தகுதிப்படுத்திக்கொள்வதும், எந்தப் பணியில் சேர்வது எனத் தேர்ந்துகொள்வதும் வேலை கிடைப்பதற்கான வெறும் முன்னேற்பாடுகள்தாமா, அன்றி அறக் கடமைகளா என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

முதலில் அவ்வொப்பந்தத்தின் இயல்பைப் பார்ப்போம். நம் நாட்டின் தரைப்படையை ஆள்வது 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம். தரைவழியோ கடல்வழியோ வான்வழியோ, அனுப்பும் இடத்துக்குச் செல்வதாகவும், தன்மேல் அமர்த்தப்பட்ட அதிகாரியின் ஆணைகளுக்கு உயிருக்கு ஆபத்து நேரிடினும் கீழ்ப்படிவதாகவும் படைவீரன் உறுதியளிக்கிறான். பயிற்சியின் முடிவில் நடைபெறும் 'கசம் பரேடு' என்னும் அணிவகுப்பில், அவரவர் சமயத்தின் வேதநூல் முன்னிலையில் இவ்வுறுதிமொழி எடுக்கப்படுகிறது. நம் அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளது. சங்கம் அமைத்தல், அரசியல் கூட்டத்தில் பங்குகொள்ளல், பத்திரிகைக்கு எழுதுதல் ஆகியவற்றில் அவனுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர், மிக அரிதான காரணங்களுக்கன்றி, நான்காண்டு முடியுமுன் தாமாக விலகிச் செல்லவும் இயலாது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? உறுதிமொழிக்குப் பின் அவனுக்கு எஞ்சியிருப்பது கீழ்ப்படிதல். எங்கே செல்வது, எப்போது உறங்குவது, எதைச் சுமப்பது என்பவற்றை அவன் தீர்மானிப்பதில்லை. ஆதலின், அவனுடைய சுதந்தரம் முழுமையாக அவன் கையில் இருக்கும் கடைசிக் காலம், சேர்வதற்கு முந்திய அந்தச் சில மாதங்களே. தீர்மானிக்க வேண்டியவற்றை அவன் அப்போதே தீர்மானித்தாக வேண்டும். அப்போது சிந்திக்கத் தவறியவன் பின்னர் முணுமுணுப்பதில் பயனில்லை. அவனது முணுமுணுப்பு உடனிருப்போரின் மனத்தையும் தளர்த்தும்.

உடலின் செய்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆள்சேர்ப்புத் திடலில் 1.6 கிலோமீட்டர் தொலைவை ஐந்தரை நிமிடங்களுக்குள் ஓடுபவனுக்கு 60 மதிப்பெண்; கம்பியைப் பற்றித் தொங்கிப் பத்து முறை உடலை மேலே இழுப்பவனுக்கு 40 மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும், வளைந்து செல்லும் ஒடுங்கிய கட்டையின்மேல் தடுமாறாது நடப்பதும் உண்டு. இவ்வளவும் பார்ப்பதற்கு எளியன போல் தோன்றும். தேர்வு அறிவிப்பு வெளியான பின் பதற்றத்துடன் ஓடத் தொடங்குகிறவர்கள் பலர். தசைகள் சில வாரங்களில் வலுப்பெறும்; எலும்புகள் அவ்வளவு விரைவாக வலுப்பெறுவதில்லை. பழக்கமில்லாத காலைத் திடீரென்று கடினமான தரையில் நாள்தோறும் அடித்தால் முன்கால் எலும்பில் நுண்ணிய விரிசல் காண்பது மருத்துவர் அறிந்த செய்தி. புதிய பயிற்சி வீரர்கள் பலர் வெளியேற நேர்வது இவ்வகைக் காயத்தாலேயே. முதல் மாதம் நடையும் மெல்லோட்டமும், பின்னர்ச் சிறிது சிறிதாகத் தொலைவும், அதன்பின் வேகமும், இடையே ஓய்வு நாட்களும், வயிறார உணவும் போதிய உறக்கமும் என்று ஆறு மாதமாவது ஒழுங்காகப் பழகுபவனே உடலை உண்மையில் ஆயத்தம் செய்தவனாவான்.

சிலர் குறுக்குவழி தேடுகின்றனர். வலியை மறைக்கும் மாத்திரைகளை விழுங்கி ஓடுவோரும், ஊக்க ஊசி போட்டுக்கொள்வோரும், பழைய காயத்தையும் நோயையும் மருத்துவரிடம் மறைப்போரும் உளர். திடலில் கடிகாரத்தை ஏமாற்றிவிடலாம். மலைப் பாதையில், முதுகில் சுமையுடன், மூச்சடைக்கும் உயரத்தில் எதை ஏமாற்றுவது? அங்கு அவன் நடக்க முடியாமற்போனால் அவன் சுமையைத் தோழன் சுமப்பான். அவனையே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால் இருவரோ நால்வரோ தம் உயிரைப் பணயம் வைத்துத் தூக்குவர். படைவீரனின் உடல்வலிமை அவனுக்கு மட்டும் உரிய சொத்தன்று. அருகில் நிற்பவன் அதை நம்பியே நிற்கிறான். நம்பி ஒப்படைக்கப்பட்டதை அமானிதம் என்று சொல்கிறோம். அமானிதப் பொருளில் கலப்படம் செய்வது எத்தகைய குற்றமோ, தகுதியற்ற உடலைத் தகுதியுடையதாகக் காட்டுவதும் அத்தகைய குற்றமே என்பது நம் கருத்து.

ஆர்வம் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில், உஹத் போருக்குப் புறப்பட்ட வேளையில் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர். ஆர்வம் மிக்க சிறுவர் பலர் அணியில் வந்து நின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அணியைப் பார்வையிட்டு, வயது நிரம்பாதோரைத் திருப்பியனுப்பினார்கள். ராபிஃ பின் கதீஜ் (ரலி) என்னும் இளைஞர் நன்கு அம்பெய்யக் கூடியவர் என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் அவருக்கு அனுமதி கிடைத்தது. அதைக் கண்ட ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) மற்போரில் ராபிஃவை வீழ்த்த வல்லவர் என்பது தெரிவிக்கப்பட, அவருக்கும் அனுமதி கிடைத்தது. இந்நிகழ்ச்சியில் ஆர்வம் எல்லாரிடமும் சமமாகவே இருந்தது. ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தது கைத்திறன்; மற்றொருவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தது உடல்வலிமை. நம் தமிழிலும் வள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். எடுத்த காரியத்தின் பளுவையும் தன் ஆற்றலையும் ஒப்பிட்டு எடைபோடாத துணிவை அவர் துணிவாகக் கொள்ளவில்லை.

இனிப் பணியைத் தேர்தல். பட்டாளம் என்றாலே துப்பாக்கி என்று நினைப்போர் இன்னும் உளர். அக்னிவீரர் சேர்ப்பிலேயே பொதுப்பணி, தொழில்நுட்பம், எழுத்தரும் பண்டகக் காப்பாளரும், சமையல் முதலிய கைத்தொழில்கள் என்று பல பிரிவுகள் உண்டு. கல்வித் தகுதியும் உடலளவும் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். இவையன்றி, சமயப் போதகர் என்ற இளநிலை அதிகாரிப் பதவியும் தரைப்படையில் உண்டு. கல்லூரிப் பட்டத்தோடு மௌலவி ஆலிம் தகுதியும் பெற்றோர் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது நம் மத்ரஸா மாணவரில் பலருக்குத் தெரியாது. ஆனால் இளைஞர் பெரும்பாலோர் எதைப் பார்த்துப் பிரிவைத் தேர்கின்றனர்? எதில் இடம் எளிதில் கிடைக்கும் என்பதை மட்டுமே. கணக்கில் ஈடுபாடற்றவன் தொழில்நுட்பத்துக்கு எழுதுகிறான். இயந்திரங்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் நண்பர்களைப் பின்பற்றிப் பொதுப்பணிக்குப் போகிறான்.

திறமைக்கேற்ற பணியில் ஒருவன் நிற்பது படைக்கு எவ்வளவு பெரிய பயன் என்பதற்கு வீரர் அப்துல் ஹமீது சான்று. உத்தரப் பிரதேசத்து காஜிப்பூர் மாவட்டத்தில், தாமூப்பூர் என்னும் சிற்றூரில், தையல் தொழிலாளரின் குடும்பத்தில் 1933இல் பிறந்தவர் அவர். 1954இல் கிரெனேடியர் படையில் சேர்ந்தார். டாங்கி எதிர்ப்புப் பிரிவில் ஐந்தாண்டுகள் பயின்றபின், பண்டகப் பொறுப்புடைய ஹவில்தாராக உயர்ந்தார். 1965ஆம் ஆண்டுப் போர் வந்தபோது, 106 மில்லிமீட்டர் பீரங்கியைக் குறி தவறாது இயக்குவதில் அப்பட்டாளத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதனால், பண்டகச் சாலையிலிருந்து மீண்டும் அப்பணிக்கு அழைக்கப்பட்டார். பஞ்சாபில் கேம்கரண் பகுதியில் ஜீப்பில் பொருத்திய அந்தப் பீரங்கியால் பகைவரின் பாட்டன் டாங்கிகளை அழித்து, செப்டம்பர் 10ஆம் நாள் உயிர் நீத்தார். பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அவரது துணிவைப் போற்றுகிறோம்; அத்துணிவு பயன்படுவதற்கு இடமளித்த ஐந்தாண்டுப் பழக்கத்தை நினைப்பதில்லை.

பணியைத் தேரும்போது திறமையோடு மனச்சாட்சியையும் கேட்க வேண்டும். படைவீரனின் தொழிலில் உயிரை இழத்தல் மட்டுமன்று, உயிரைப் பறித்தலும் அடங்கியுள்ளது. தன் நாட்டைக் காக்கும் பொருட்டு அதைச் செய்யத் தன் உள்ளம் இசைகிறதா என்பதை ஒவ்வொருவனும் தனிமையில் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். சமையற்காரனாகச் சேர்ந்தால் இவ்வினாவிலிருந்து தப்பலாம் என்று எண்ணுவது பிழை. கைத்தொழில் பிரிவினரும் ஆயுதப் பயிற்சி பெற்ற வீரர்களே. அன்றியும், பீரங்கியை இயக்குவோனுக்கு உணவளிப்பவனும் அச்செயலில் பங்குடையவன். உள்ளம் இசையவில்லையெனில், அதை வெளிப்படையாகச் சொல்லி வேறு தொழில் தேடுவதில் இழிவு ஏதுமில்லை. இசையாத உள்ளத்துடன் உறுதிமொழி கூறுவதே இழிவு.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். "வீட்டில் அடுப்பெரிய வழியில்லை, தங்கைக்குத் திருமணம் நிற்கிறது. இந்நிலையில் உள்ளத்தையும் திறமையையும் ஆராய எங்களுக்கு நேரமேது?" என்று ஏழை இளைஞன் கேட்பான். அவன் கேள்வியைப் புறந்தள்ள நாம் விரும்பவில்லை. பிழைப்பை நாடிப் படையில் சேர்வது குற்றமன்று. குடும்பத்தைக் காப்பதும் நல்ல நிய்யத்தே. ஆயினும் ஏழைக்குத்தான் ஆராய்ச்சி மிகுதியாகத் தேவை. அத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட கணக்கைப் பார்ப்போம். முதலாண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய். அதில் கைக்கு வருவது 21,000 ரூபாய். நான்காண்டு முடிவில் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் சேவை நிதி. நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் 25 விழுக்காட்டுக்கு மிகார். ஏனையோர் ஓய்வூதியமின்றி ஊர் திரும்புவர். நால்வரில் மூவர் இருபத்தைந்து வயதையொட்டி மீண்டும் வேலை தேட வேண்டியவர் என்றால், படையில் கற்கும் தொழில் ஊரிலும் சோறு போடுமா என்று முன்கூட்டியே பார்ப்பவன் சுயநலக்காரனல்லன். அவன் தன் வீட்டாரிடம் கொண்டுள்ள பொறுப்பை நிறைவேற்றுகிறான்.

பொறுப்பு இளைஞனோடு நின்றுவிடுவதுமில்லை. 1899இல் தென்னாப்பிரிக்கப் போர் தொடங்கியபோது, பிரிட்டனின் தொழில் நகரங்களில் படையில் சேர வந்த ஏழைத் தொழிலாளர் பெருந்தொகையினர் உடற்குறைகளால் தள்ளப்பட்டனர். நாடே திடுக்கிட்டது. 1904இல் ஓர் அரசுக் குழு காரணங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கவும், 1907இல் அவர்களுக்கு மருத்துவச் சோதனை நடத்தவும் சட்டங்கள் பிறந்தன. இருபது வயதில் வலிமையைக் கேட்கும் நாடு, ஐந்து வயதில் பாலையும் சோற்றையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் போரில் அடிபட்டுக் கற்றனர். படைக்காக இதைச் செய்ததைவிட, பிள்ளைகளுக்காகவே செய்திருந்தால் இன்னும் சிறப்பாயிருந்திருக்கும். நம் ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் இளைஞர்க்கு ஒரு திடலையும், விவரம் அறிந்த ஓர் ஆலோசகரையும், ஆறு மாதத்து நல்லுணவையும் ஏற்பாடு செய்வார்களாயின் அது வீண் செலவாகாது. படையில் இடம் கிடைக்காதவனுக்கும் அந்த உடல்நலம் மிஞ்சும்.

இடம் கிடைக்காதவனைப் பற்றி இறுதியாக ஒரு சொல். உஹதில் திருப்பியனுப்பப்பட்ட சிறுவருள் ஸைத் பின் ஸாபித் (ரலி) ஒருவர். வாளேந்த அன்று அனுமதி பெறாத அவர், பின்னர் வஹீயை எழுதும் எழுத்தர்களுள் ஒருவரானார். அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. மற்றொருவராகிய அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) இரண்டாண்டுகள் பொறுத்திருந்து, பதினைந்து வயதில் அகழ்ப்போரில் அனுமதி பெற்றார். ஒருவருக்கு வேறு பணி வாய்த்தது. மற்றவருக்குக் காலம் வாய்த்தது. மருத்துவர் 'இல்லை' என்று எழுதித் தந்த சீட்டுடன் திடலை விட்டு வெளியே வரும் இளைஞனை ஊர் ஏளனம் செய்யலாகாது. அவனும் தலைகுனிய வேண்டியதில்லை. தன்னைப் பொய்யின்றி எடைபோட உடன்பட்டவன் அவன். அந்த உண்மையோடு அவன் மீண்டும் பயிலலாம். வேறு தொழிலையும் நாடலாம்.