யாருடைய வினை?

2017 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுக் காற்பந்து இறுதியாட்டத்தில் மலேசியா 0-1 என்று தாய்லாந்திடம் தோற்றது. முதல் பாதியில் தாய்லாந்து அடித்த கார்னர் பந்து வளைந்து கோல்முகத்துக்கு வந்தது. பத்தொன்பது வயதுக் கோல்காவலர் ஹாசிக் நாட்ஸ்லி கூட்டத்துக்குள் எழும்பி அதைக் குத்தி வெளியே தள்ளப் பார்த்தார். பந்து சொந்த வலைக்குள் போய் விழுந்தது. அதற்கு மூன்று நாளைக்கு முன் இந்தோனேசியாவுடனான அரையிறுதியில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், நமக்குக் கிடைத்த ஒரு கார்னர் பந்தை 22 வயது என். தனபாலன் தலையால் முட்டி 1-0 என்று வெற்றி தேடித் தந்திருந்தார். மலாக்காவின் ஜாசினிலும் மெர்லிமாவிலும் புக்கிட் அசகானிலும் காற்பந்து பார்க்கிற தமிழ் வீடுகளில் அவரை எண்ணி "நம்ம பையன்" என்று பெருமைப்படாதவர்கள் குறைவு. இரண்டு கார்னர்கள், இரண்டு இளைஞர்கள். ஒருவர் தலையில் முழுப் புகழும், மற்றவர் தலையில் முழுப் பழியும் ஏறின. வினை என்ற சொல்லை நாள்தோறும் வாயில் வைத்திருக்கும் நாம், இந்தக் கணக்கு நம் சமய நூல்களுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொருந்தவில்லை என்பதே என் கட்சி. பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: செயல் நடக்கும் இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவும் இருக்கத் தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவனுக்குத் தெளிவில்லை என்றும் அங்கே கண்ணன் சொல்கிறான். ஷா ஆலாம் கார்னரை இதில் வைத்துப் பாருங்கள். பந்தைப் பிடிப்பதா குத்துவதா என்று முடிவெடுக்கக் கோல்காவலருக்கு ஒரு விநாடிகூட இல்லை. முன்னால் நெருக்கும் உடல்கள், வளைந்து வரும் பந்து, அந்தக் கார்னரை விட்டுக்கொடுத்த தற்காப்பு, சொந்த மண்ணில் ஆர்ப்பரிக்கும் கூட்டம் எல்லாம் அந்த ஒரு குத்தில் கலந்திருக்கின்றன. ஹாசிக் ஐந்தில் ஒன்று. மற்ற நான்கையும் அழித்துவிட்டு அவரை மட்டும் நிறுத்துவது கீதை கண்டிக்கிற அதே பார்வை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு கோல் வாங்கிய அணி தோற்பது, அது ஒரு கோலும் போடாதபோதுதான். தொண்ணூறு நிமிடமும் மலேசியத் தாக்குதல் வரிசை தாய்லாந்தின் வலையைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பூச்சியத்துக்கு முகமில்லை. செய்யத் தகாததைச் செய்தாலும் கேடு, செய்யத் தக்கதைச் செய்யாமல் விட்டாலும் கேடு என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் சமமாக நிறுத்துகிறார். நம் கண்ணோ செய்த பிழையை மட்டும் பார்க்கிறது; செய்யாமல் விட்டது ஒளிப்பதிவில் வராது, ஆகவே அது வினையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பால்மரம் சீவப் புதிதாக வந்தவன் கத்தியை ஆழமாக இறக்கிப் பட்டையைக் காயப்படுத்தினால் மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் அது உடனே படும். ஒழுங்காக வெட்டாத மரங்களில் வராமல் போன பாலை யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இரண்டும் நட்டம்தான்.

"இப்படிப் பேசினால் யாருமே பொறுப்பேற்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் தலையெழுத்து என்று கைகழுவி விடுவார்கள்" என்று சிலர் மறுக்கலாம். நியாயமான அச்சம்தான், தோட்டங்களில் தலையெழுத்து என்ற சொல் எத்தனையோ அநியாயங்களுக்குப் போர்வையாக இருந்ததையும் மறக்க முடியாது. ஆனால் கீதை செய்பவனைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அவனுடைய பங்கு முழுக்க அவனுடையது. உயரப் பந்தைக் குத்தப் பழகுவது ஹாசிக்கின் கடமை. அதை வேறு யாரும் செய்ய முடியாது. பத்தொன்பது வயதில் அது முற்றாமல் இருந்தால், அவரைத் தேர்ந்து நிறுத்தியவர்களுக்கும் பங்குண்டு. தகுதி ஆராய்ந்து ஒருவனிடம் வேலையை ஒப்படைப்பதற்கென்றே குறளில் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பொறுப்பைப் பகிர்வதால் அது கரைந்து போகாது; இதுவரை தப்பித்தவர்கள் மேலும் விழும்.

சைவர்கள் எழுப்பக்கூடிய தடை இன்னும் கூர்மையானது. அவரவர் கன்மம், அதாவது வினை, அவரவரையே சேரும் என்பது சித்தாந்தம். அப்படியானால் அந்தக் கோல் அந்தப் பையனின் கன்மப் பயன்தானே? சேரும் என்பது சரி. ஆனால் கன்மம் அறிவற்ற சடம், தானாக வந்து பற்றாது, இறைவனே கூட்டுகிறான் என்பதும் அதே சித்தாந்தம். கூட்டுவது உயிரின் மலம் பக்குவப்படுவதற்காக. ஆகவே வினைப்பயன் ஓர் உயிரை முதிர்விக்கும் மருந்து. அடுத்தவனுக்கு எந்த மருந்து, எந்த அளவு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடையாது. "அவன் கர்மா" என்று சொல்லிப் பழிக்கிறவர் சித்தாந்தம் பேசவில்லை, கல்லெறிகிறார்.

நம்மை இன்னும் உறுத்த வேண்டிய சான்று 2009இல் இருக்கிறது. கே. ராஜகோபால் பயிற்சியில், வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுக் காற்பந்தில் மலேசியா தங்கம் வென்றது. இருபது ஆண்டுக்குப் பின் கிடைத்த தங்கம். இறுதியாட்டத்தில் வியட்நாமை வென்ற அந்த 1-0, ஒரு வியட்நாம் இளைஞர் தம் வலைக்குள் தாமே அடித்த கோல். அவர் பெயர் மாய் சுவான் ஹொப். ராஜகோபாலின் பெயரைப் பெருமையோடு சொல்லும் நம்மில் இந்தப் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? ஒரே வகைப் பிழை நமக்கு ஆதாயமானபோது அதைத் தங்கம் என்றோம், நட்டமானபோது பாவம் என்றோம். பழியை ஒருவர் மேல் சுமத்தக் கூடாதென்றால் புகழையும் அப்படித்தான் அளக்க வேண்டும். தனபாலனின் கோல் அந்தக் கார்னரை அடித்தவருக்கும், எதிராளியை இழுத்துச் சென்று இடம் திறந்தவருக்கும், அதுவரை கோல் வாங்காமல் காத்தவருக்கும் சொந்தம். இதைச் சொல்வது நம் இனப் பெருமைக்குக் கொஞ்சம் கசக்கும். கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு கோலால் தூக்கி வைக்கப்பட்ட பையன் அடுத்து ஒரு கோலைத் தவறவிட்டால் அதே வேகத்தில் கீழே தள்ளப்படுவான்.

மலாக்காவின் தோட்டத் திடல்களிலும் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர்களுக்கும், கோயில்களில் சமய வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அணி தோற்கிற அன்று, கோலை விட்ட பையனிடம் பேசுவதற்கு முன் கோல் போடாதவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த வாரமும் அதே பையனையே கோல் காக்க நிறுத்துங்கள்.