தேரும் நாவாயும்

இரண்டு பொருள்களைக் கண்டால் எது மேலானது என்று கேளாமல் இருக்க மனித அறிவால் இயல்வதில்லை. ஒப்பிடுவது நம் இயல்பு. இன்று இளைஞர் கூடுமிடங்களில் விரும்பிப் பேசப்படும் பொருள்களுள் ஒன்று, உலகின் சூப்பர் கார்களுள் எது சிறந்தது என்பது. எதற்கு ஆற்றல் மிகுதி, எது விரைவில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும், எதை அன்றாடம் ஓட்ட முடியும் என்று அவர்கள் மணிக்கணக்கில் வாதிடுகின்றனர். பெரியவர்கள் இதனை வீண்பேச்சு என்று ஒதுக்கிவிடுவதுண்டு. நாம் அவ்வாறு ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு பொருளைச் 'சிறந்தது' என்று நாம் எவ்வாறு தீர்மானிக்கிறோம் என்னும் பழமையான வினா அப்பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வாதத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் போர்ஷே 959 காரும் இத்தாலியின் ஃபெராரி எஃப் 40 காரும் எதிரெதிரே நின்றன. முன்னது 450 குதிரைத்திறன் உடையது. நான்கு சக்கரங்களும் உந்தும் அமைப்பும், பூட்டிக்கொள்ளாத பிரேக்கும், சாலைக்கேற்ப உடலை உயர்த்தித் தாழ்த்தும் வசதியும் கொண்டது. பாலைவனத்தைக் கடக்கும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் 1986-இல் அது வென்றது. பின்னதோ 478 குதிரைத்திறன் உடையது. எடையைக் குறைப்பதற்காகத் தரை விரிப்பையும் வானொலியையும் துறந்தது; கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கயிறே இருந்தது. இரண்டும் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைக் கடந்தன. எது சிறந்தது? மழை நாளில் நெடும்பயணம் போகிறவர் ஒன்றைச் சொல்வார். வெயில் காயும் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர் மற்றொன்றைச் சொல்வார். இருவர் கூற்றும் உண்மையே. 'எதற்கு?' என்னும் சொல்லை முன்னே வைக்காதவரை 'எது சிறந்தது?' என்னும் கேள்விக்கு விடை இல்லை.

வள்ளுவப் பெருந்தகை இதனை என்றோ கண்டுணர்ந்தார். இடனறிதல் என்னும் அதிகாரத்தில் அவர் இரண்டு ஊர்திகளை அருகருகே நிறுத்துகிறார். வலிய சக்கரங்களையுடைய நெடிய தேர் கடலில் ஓடாது. கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்பது அவர் காட்டும் உண்மை. தேர் பெரிதா, நாவாய் பெரிதா என்று அவர் கேட்கவில்லை.

நம் கண்ணெதிரே உள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலையிலிருந்து 2010-இல் மைக்ரா என்னும் சிறிய கார் வெளிவந்தது. அதே நிசான், ஜப்பானில் உருவாக்கிய ஜி.டி.ஆர். என்னும் அதிவேகக் காரை 2016 இறுதியில் ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய் விலையில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 570 குதிரைத்திறன், மூன்று வினாடி அளவில் நூறு கிலோமீட்டர் வேகம். அதனைப் பராமரிக்கத் தனி நிலையம் தில்லியை அடுத்த நொய்டாவில் அமைந்தது. அன்று சென்னையில் ஒருவர் அதனை வாங்கியிருந்தால், அதன் நலம் பேணும் இடம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நம் நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் அதன் உச்ச வேகத்தில் பாதியைக்கூடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அதே ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகளும் உருவாகின்றன. அவற்றுள் கனரக லாரி ஒன்றின் எஞ்சின், குதிரைத்திறனில் ஜி.டி.ஆரின் பாதியளவே இருக்கும். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் விசையில் அது ஜி.டி.ஆரை விஞ்சிவிடும். ஆற்றல் என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவதும் நோக்கத்திற்கேற்ப இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்று தன்னை விரைவாகக் கொண்டு செல்லும் ஆற்றல். மற்றொன்று பிறர் சுமையைச் சுமக்கும் ஆற்றல்.

அப்படியானால் பயன்பாடே இறுதி அளவுகோலா? அன்று. வேளாங்கண்ணித் திருவிழாவில் பவனி வரும் தேரையும், நம் ஊர்க் கோயில்களின் மரத்தேர்களையும் எண்ணிப் பார்ப்போம். ஆண்டில் சில நாள்களே அவை அசைகின்றன. வேகமோ குழந்தையின் நடையைவிடக் குறைவு. சந்தைக்கணக்கில் அவற்றைப் போலப் பயனற்ற ஊர்தி வேறில்லை. ஆயினும் ஓர் ஊரையே ஒன்றாகத் திரட்டும் பணியை அவை செய்கின்றன. அழகும் வியப்பும் மனிதனுக்குத் தேவையானவை. எனவே சூப்பர் காரைக் கண்டு வியக்கும் இளைஞனைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. அதனை வடித்த கைத்திறன் வியப்புக்குரியதே. வேகத்தைத் தேடியவர்கள் நிற்கும் வழியையும் தேட வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாயிருந்த பூட்டிக்கொள்ளாத பிரேக், 2019 முதல் நம் நாட்டில் விற்கப்படும் எளிய கார்களுக்கும் கட்டாயமாகியிருப்பது நன்மையே.

வேகத்திற்கும் உரிய இடம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் ஒன்று 1990-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. தடத்தில் எதிரே வரும் வண்டி இல்லை. சாலையைக் கடக்கும் மூதாட்டி இல்லை. ஆனால் தடத்திற்குரிய வேகத்தைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவரும்போது தேர் கடலில் இறங்கிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினரின் சாவுக்கு மிகைவேகமே காரணமென்று அரசின் கணக்கு கூறுகிறது. அவ்வண்டிகளுள் மிகப் பெரும்பாலானவை சூப்பர் கார்கள் அல்ல; சாதாரண இருசக்கர வண்டிகளும் கார்களும் லாரிகளுமே. குற்றம் எஞ்சினின் அளவில் இல்லை. இடமறியா மனத்தில் இருக்கிறது.

இனி, இவ்வாதத்தின் மிக ஆழமான பகுதிக்கு வருவோம். பொருள்களை 'எதற்கு?' என்று கேட்டு அளக்கலாம், அளக்கவும் வேண்டும். அதே கேள்வியை மனிதரிடம் கேட்கலாமா? பொருள்களுக்கு விலை உண்டு, மனிதனுக்கோ விலைக்கு அப்பாற்பட்ட மாண்பு உண்டு என்று ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1785-இல் எழுதினார். கார் ஒரு நோக்கத்திற்காக இருக்கிறது. மனிதனோ தானே நோக்கமாக இருக்கிறான். ஆயினும் நம் இல்லங்களில் நடப்பது என்ன? எதிர்வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு நம் பிள்ளையின் மதிப்பெண்ணை, இரு கார்களின் குதிரைத்திறனைப் போல ஒப்பிடுகிறோம். திருமணப் பேச்சில் வருமானத்தைக் கேட்கிறோம். முதியோரைப் 'பயன்' குறைந்தவராக எண்ணத் துணிகிறோம்.

ஜி.டி.ஆர். காரின் எஞ்சினைக் கைதேர்ந்த வினைஞர் ஒருவரே முழுமையாகப் பொருத்தி முடிப்பது வழக்கமாயிருந்தது. அவர் பெயர் பொறித்த தகடு அந்த எஞ்சினின் மேல் பதிக்கப்பட்டது. இது போற்றத்தக்க மரபு. ஆனால் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளில் தங்கி, இரவுப் பணிக்கு ஆலைப் பேருந்தில் ஏறும் இளைஞர் கூட்டத்தின் பெயர் எந்தக் காரிலும் பொறிக்கப்படுவதில்லை. பெயர் பொறிக்கப்பட்டவர் உயர்ந்தவர், பொறிக்கப்படாதவர் தாழ்ந்தவர் என்று யாரால் சொல்ல இயலும்? உருண்டோடும் பெருந்தேருக்குச் சிறிய அச்சாணியே காவல் என்பதும் வள்ளுவர் நமக்கு உணர்த்திய உண்மைதானே?

ஆகவே இளைஞர்களின் வாதத்தை நாம் நிறுத்த வேண்டாம். அதனுள் இரண்டு வினாக்களைச் சேர்த்துக் கொடுப்போம். சிறந்தது என்கிறாயே, எதற்குச் சிறந்தது? இந்த அளவுகோலை எங்கே கீழே வைக்க வேண்டும்? முதல் வினா நம்மை வீண் ஆசையிலிருந்து காக்கும். இரண்டாவது வினா நம் அருகே இருப்பவரை நம்மிடமிருந்து காக்கும். காரைத் தேர்ந்தெடுக்கையில் அளவுகோலைத் துணிந்து எடுப்போம். கார் செய்து களைத்த கைகளோடு ஓர் இளைஞன் நம் வாயிலில் வந்து நிற்கும்போது அதனைக் கீழே வைத்துவிட்டு அவனை வரவேற்போம்.