யாக்கையின் மெலிவும் உண்டியின் அளவும்

மக்கள் யாக்கை ஒருபடித்தாய் அமைந்ததன்று. ஒருவர் வேண்டுமட்டும் உண்டும் மெலிந்தே நிற்கின்றார். மற்றொருவர் அளந்து உண்டும் பருக்கின்றார். இவ்வேற்றுமையைக் காண்போர், மெலிந்தாரைப் புலனடக்கமுடையார் என்றும், பருத்தாரை நாவுக்கு அடிமைப்பட்டார் என்றும் விரைந்து துணிகின்றனர். மணவீட்டுப் பந்தியில் மெலிந்தார் இலையில் அன்னம் வலிந்து இடப்படுகின்றது. பருத்தார் இலையைப் பலர் கண்கள் அளக்கின்றன. அதற்கு நாணி, அவர் பந்தியிற் குறைய உண்டு வீட்டில் ஒளித்து மிகுதியாக உண்பதும், நாளடைவில் விருந்துகளையே விலக்குவதும் உண்டு. ஆகவே இத்துணிபு உண்மையோ என ஆராய்தல் வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. உயிர்களை நாடோறும் வருத்துவதொன்றை ஆராய்தலேயாம்.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாவதொரு வரலாறு சேலம் நாமக்கல் நாட்டிலேயே உளது. 1997-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், சமவெளியினின்றும் உயர்ந்தெழுந்த குன்றத்தை உடையது திருச்செங்கோடு. தேவாரத்துள் கொடிமாடச்செங்குன்றூர் எனப் பெயர்பெற்ற அத்தலத்தில் இறைவன் அம்மையோடு ஓருருவாய், மாதொருபாகனாய் எழுந்தருளியுள்ளான். அத்தலத்தோடு இயைத்துச் சொல்லப்படுவது பிருங்கி முனிவர் வரலாறு. அம்முனிவர் அம்மையை விடுத்து அப்பனையே வலம்வரும் கொள்கையர். இருவரும் அணுகி வீற்றிருந்தபொழுதும் வண்டுருக்கொண்டு இடைநுழைந்து அப்பனை மட்டும் சூழ்ந்தார். உடம்பின்கண் உள்ள தசையும் குருதியும் சத்தியின் கூறாதலின் அம்மை அவற்றை மீட்டுக்கொண்டாள். முனிவர் என்புந் தோலுமாய் நிற்கமாட்டாது தள்ளாடினார். இறைவன் மூன்றாவது காலொன்று நல்கி அவரைத் தாங்கினான். பின்னர் அம்மை தவமியற்றி இடப்பாகம் பெற்றாள். பிரித்து வணங்குதற்கு இடமில்லையாயிற்று.

மெலிந்த முனிவரைக் கண்டால் உலகம் அதனைத் தவத்தின் பயன் என்று போற்றும். பிருங்கியின் மெலிவோ தவத்தின் அடையாளமன்று. அருளின் ஒரு பாதியை மறுத்ததன் அடையாளமாம். தசை சத்தியின் கொடையாயின் அதனை இழிந்த பொருளாக எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்? அற்றேல், காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றது என்னையெனின், கணவன்பொருட்டுத் தாங்கிய வனப்பு அவன் விலகியபின் வேண்டா என்றே அவர் அதனை உதறினார். மெலிவு தன்னளவிற் சிறந்தது என்று கருதியன்று. அவ்வம்மையாரை வணங்குங் கோயிலிலேயே பெருவயிற்றுப் பிள்ளையார் முதற்கண் வணங்கப்படுகின்றார். ஆதலின் யாக்கையின் அளவு அருளை அளக்குங் கோலாகாது என்பது தெளிவு.

இதனைச் சித்தாந்த நெறி மேலும் விளக்கும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்றும் தோன்றி, வினைக்கீடாக உயிர்கட்கு இறைவனாற் கூட்டப்படுவன. எடுத்த உடம்பும் அதன் இயல்பும் நுகர்வினையாகிய பிராரத்தத்தின்பாற் படும். 'என் உடம்பு' என்று ஒருவன் வழங்கும் வழக்கே உடம்பின் வேறாய் உயிர் உண்டென்பதைக் காட்டும் எனச் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் நிறுவும். மெலிந்த யாக்கை இயல்பாக வாய்த்தவன், 'யான் அடக்கமுடையேன்' என்று தருக்குவானாயின், தந்தை வைத்துப்போன பொருளைத் தன் உழைப்பால் ஈட்டியது என்று கூறுவானை ஒப்பான். அத்தருக்கும், பருத்தாரை நோக்கி நகுதலும் அவன் இப்பிறப்பிற் புதிதாகத் தேடிக்கொள்ளும் ஆகாமிய வினையாம். பிறரது உடம்பு அவர்க்கு வந்த வினை. அதனை இகழ்தல் தனக்கு வரும் வினை. முன்னதைக் குற்றமென்று கொண்டு பின்னதை மறந்துவிடுதலே உலகத்தார் மயக்கம்.

உடம்பு கூட்டப்படுவது என்னும் இவ்வுண்மைக்கு இக்காலத்து உடல்நூலார் ஆராய்ச்சியும் அரணாகின்றது. 1986-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஸ்டங்கர்டு என்பாரும் துணைவரும் டென்மார்க்கு நாட்டில் தத்தாக வளர்ந்தாரை ஆராய்ந்து வெளியிட்டனர். அன்னோர் பருமை, வளர்த்தோர் பருமையோடு இயையாது, உடனிருந்து வளர்க்காத பெற்றோர் பருமையோடு இயைந்திருந்தது. 1990-ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த குளோட் பூஷார் என்பார் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒருகரு இரட்டையர் 12 இணையினர்க்கு 84 நாள், நாளொன்றுக்கு 1000 கலோரி மிகுதியாக ஊட்டப்பட்டது. ஊட்டிய மிகுதி எல்லார்க்கும் ஒன்றே. ஏறிய எடையோ ஒருவர்க்கு 4 கிலோவும் மற்றொருவர்க்கு 13 கிலோவும் ஆக வேறுபட்டது. ஓரிணைக்குள் இருவரும் பெரிதும் ஒத்திருந்தனர். 1994-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்பினின்றும் சுரந்து மூளைக்கு உடம்பின் இருப்பை உணர்த்தும் லெப்டின் என்னும் பொருளின் மரபணுவைக் கண்டனர். பசியும் நிறைவும் முழுதும் ஒருவனது விருப்பின்வழிப் பட்டன அல்ல என்பது இவற்றாற் போதரும்.

அற்றேல், முன்னோர் காலத்தில் இத்துணைப் பருமை இல்லையே. மனவுறுதி குன்றியதன்றோ காரணம் எனின், அதுவும் அன்று. இச்சமவெளியின் வரலாறே அதற்குச் சான்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் மிக நலிந்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த அதன் மக்கட்டொகை, 1881-ஆம் ஆண்டில் 16 லட்ச அளவிற்கு இறங்கியது. 1877-ஆம் ஆண்டில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில அலுவலர், பஞ்சவேலை செய்வார்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறுகாசும் போதும் என்று வகுக்க, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர்தாங்கப் போதாது என்று வாதாடினார். அக்காலத்து மெலிவை அடக்கம் என்பார் உளரோ? பஞ்சமில்லாக் காலத்தும் இந்நாட்டு உழவர் கம்பங்கூழும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு, மாடுபூட்டிக் கவலை இறைத்துப் பகலெல்லாம் உழைத்தனர். இன்று மின்விசைக் குழாய் நீர் இறைக்கின்றது, விசைத்தறி நெய்கின்றது, நாமக்கல்லினின்றும் புறப்படும் லாரியோட்டி நாட்கணக்கில் இருந்த இடத்தே இருந்து தொழில் செய்கின்றான், தீட்டிய அரிசி நாள்தோறும் மும்முறை இலையில் வீழ்கின்றது. பாட்டன் பேரனினும் நாவை வென்றவன் அல்லன், அவன் இலை சிறிது, உழைப்புப் பெரிது, அவ்வளவே.

பசித்தாரது மனநிலையையும் உணர்தல் வேண்டும். 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், தாமாக முன்வந்த 36 இளைஞர்க்கு ஆறு திங்கள் அரைவயிற்று உணவே அளித்து ஆராய்ந்தார். போர்செய்தல் அறமன்று என மறுத்துநின்ற கொள்கையுறுதியினர் அவர்கள். எனினும் அவர்கள் உணவையே எண்ணினர், உணவையே கனவு கண்டனர், சமையல்நூல்களைத் தேடிப் படித்தனர், தட்டை நக்கினர். கட்டு நீங்கியபின்னும் சிலர் வயிறு நிறைந்தும் மனம் நிறையாது உண்டனர். கொள்கைக்காகச் சிறைக்கும் அஞ்சாத நெஞ்சமே இங்ஙனம் அலையுமாயின், உடம்பைக் குறைக்க வேண்டி ஆண்டுக்கணக்கில் அரைவயிறு உண்டு போராடும் ஒருவர் ஒருநாள் தளர்வதை உறுதியின்மை என்று நகுவார் யார்? இயல்பாக மெலிந்தார் அப்போரைக் கண்டதே இல்லை. போரிற் புகாதான் வெற்றி வெற்றியன்று. புண்பட்டும் களத்தில் நிற்பான் தோல்வி இழிவன்று.

இனி, எல்லாம் வினைப்பயன் என்று கூறிச் சோம்பியிருத்தல் தகுமோ எனின், தகாது. அதற்கு விடையும் அச்செங்குன்றூரிலேயே எழுந்தது. திருஞானசம்பந்தர் ஆங்கு எழுந்தருளியிருந்தபொழுது அடியார்களைக் குளிர்சுரம் பற்றி வருத்தியது. அஃது அந்நிலத்தின் இயல்பு என்று அமைந்துவிடாது, பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்ய நோய் நீங்கியது எனப் பெரியபுராணம் கூறும். முன்வினையால் வந்தது என்று அறிந்தமட்டில் நின்று, உய்யும் வழியை நாடாதிருத்தலே குறை என்பது அப்பதிகம் தொடங்கும் கருத்தாம். வினை என்பது துன்பத்தின் காரணத்தை உணர்த்துதற்கு வந்த சொல். முயற்சியைத் தடுத்தற்கு வந்ததன்று. ஆகவே நீரிழிவும் முழங்கால் நோவும் உற்றார் உணவை ஒழுங்குசெய்தலும், நடத்தலும், மருத்துவரை நாடுதலும் உய்வினையேயாம். உடற்பருமனுக்கென 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செமாகுளூடைடு போலும் மருந்தைத் தக்க மருத்துவர் விதித்தால், அதனைக் கொள்ளுதலும் நாணத்தக்கதன்று. சுரத்திற்கு மருந்துண்பாரை எவரும் நகுவதில்லை.

மெலிந்தார்க்கும் இதன்கண் ஒரு பாடம் உண்டு. 2004-ஆம் ஆண்டில் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்னும் மருத்துவரும், லண்டன் நகர யுட்கின் என்னும் மருத்துவரும் தம்மையே சான்றாக வைத்து ஒன்று வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடைக்குறியீடு இருவர்க்கும் 22.3 ஆக ஒத்திருந்தது. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. இந்தியர் மெலிந்து தோன்றியும் அகத்தே கொழுப்பு மிகுந்து நீரிழிவுக்கு இடமாதல் உண்டென்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. புறத்தோற்றத்தைக் கண்டு அகத்தைத் துணிதல், பிறர் திறத்தில் மட்டுமன்றித் தம் திறத்திலும் பிழையாயினவாறு காண்க. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், முன்னுண்டது அற்றதறிந்து, பசித்தபின் அளவறிந்து உண்க என்று விதிக்கின்றது. அவ்வளவு இத்துணைப் பிடி என்று எல்லார்க்கும் ஒன்றாக விதித்திலது. அவரவர் உடம்பையும் பசியையும் அவரவரே அறிந்து அளத்தல் வேண்டும் என்பது அதன் உள்ளுறை.

நோன்பிற்கும் இஃது ஒக்கும். சிவராத்திரி, கந்தசட்டி முதலியவற்றில் உண்ணாதிருத்தல் இறைவனை நினைதற்பொருட்டு வந்தது. எடை குறைத்தற்கோ, பிறர்முன் அடக்கங் காட்டுதற்கோ வந்ததன்று. பசி குறைந்தவன் முழுநாள் உண்ணாமையினும், பசி மிக்கவன் மறுகவளத்தை ஒருமுறை தவிர்த்துச் சிவனை நினைதல் சிறிதாகாது. உள்ளே நிகழும் அப்போரை அறிவான் உயிர்க்குயிராய் நிற்கும் ஒருவனே. அவன் அளக்கும் அளவைப் பந்தியில் இருப்போர் கண்ணால் அளக்கப் புகுதல் தகாது.

ஆதலின், அன்னம் பாலிக்கும் இடத்தில் இலையைப் பார்க்க, உடம்பைப் பாராதொழிக. வேண்டுமென்றார்க்கு இடுக, போதுமென்றார்க்கு நிறுத்துக. குழவிகளை உடம்பின் அளவால் பெயரிட்டு அழையாதிருக்க. மெலிந்தார் தமக்கு இயல்பாக வந்ததற்கு நன்றியுடையராய்த் தருக்கின்றி ஒழுகுக; பருத்தார் தம்மை வெறாது, உய்யும் வழியை நாணமின்றி நாடுக. அம்மையையும் அப்பனையும் பிரித்தற்கியலாத அத்திருவுருவை வணங்குவோர்க்குத் தசையும் என்பும் ஒருங்கே அருட்கொடையாம்.

திருச்சிற்றம்பலம்.