எளிய மணம் யாருடைய கடமை?

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் நிகாஹுக்கு ஐந்து தூண்களைக் கூறுகின்றன. மணமகன், மணமகள், வலீ எனப்படும் பெண்ணின் பொறுப்பாளர், இரு சாட்சிகள், கொடுத்தேன் என்றும் ஏற்றேன் என்றும் சொல்லப்படும் சொற்கள் என்பன அவை. இவ்வைந்தில் ஒன்றேனும் விலை கொடுத்து வாங்கும் பொருளன்று. மஹர்கூட இவற்றுள் அடங்குவதில்லை. அது மணத்தால் கணவன்மீது விழும் கடன். அதன் தொகையைக் குறிப்பிடாமல் ஒப்பந்தம் நிகழ்ந்துவிட்டாலும் மணம் செல்லும். மஹர் பின்னர்க் கணக்கிடப்படும். ஆக, சட்டத்தின் கண்ணுக்கு ஒரு மணம் நிறைவேறப் போதுமானவை சில மனிதர்களும் இரண்டு வாக்கியங்களுமே.

இனி, நம் சிற்றூர் ஒன்றில் மகளுக்கு நாள் குறித்துவிட்ட தந்தையிடம் சென்று கேளுங்கள். பந்தல், நாற்காலி, அழைப்பிதழ், பண்டாரியின் கூலி, அரிசி, ஆடு, நெய், நகை, உடை, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீர் என்று அவருடைய பட்டியல் நீளும். அண்மைக் காலத்தில் மண்டப வாடகையும் மேடை அலங்காரமும் வீடியோவும் அதனுடன் சேர்ந்துள்ளன. ஐந்து தூண்கள்மீது இத்தனை மாடிகளை எழுப்பியவர் யார்? ஷரீஅத் எழுப்பவில்லை, அந்தத் தந்தையும் விரும்பி எழுப்பவில்லை. அவ்வாறாயின் எழுப்பியவர் எங்கோ இருத்தல் வேண்டும். அவரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளிமையாக மணம் முடியுங்கள் என்னும் அறிவுரைக்கு நம்மிடையே பஞ்சமில்லை. ஜும்ஆ மேடைகளில் அது ஒலிக்காத மாதம் அரிது. கேட்போர் தலையசைக்கின்றனர், வீடு திரும்பியதும் பண்டாரியை வரவழைத்து 500 பேருக்கு என்ன ஆகும் என்று கணக்குக் கேட்கின்றனர். இதனை நயவஞ்சகம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது நீதியன்று. அவர்களைத் தடுப்பது அறியாமையன்று, அச்சம்.

காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த சிறு விவசாயி ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னது இது: "ஹஜ்ரத், பெரியவள் நிகாஹைப் பள்ளிவாசலில் வைத்து, வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் தேநீரும் கொடுத்து முடித்துவிட எனக்கு மனம் இருக்கிறது. ஒரு காசு கடன் வேண்டியதில்லை. ஆனால், நாளைக்குச் சின்னவளைக் கேட்டு நல்ல இடத்திலிருந்து யார் வருவார்கள்? அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று பெயராகிவிடாதா?" அவருக்கு இருந்தது பத்து மா நிலம். அதில் ஐந்து மாவை விற்பதா என்பதே அன்று அவர்முன் இருந்த வினா. ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்காது. அவர் கேட்டது சட்டத்தைப் பற்றியதன்று. தம் தெருவைப் பற்றியது.

அவர் அஞ்சியது வீண் அச்சமா? அன்று. ஒரு செயலின் பொருள் அச்செயலில் மட்டும் இருப்பதில்லை. செய்பவன் யார் என்பதிலும் இருக்கிறது. வயலும் வணிகமும் உடைய செல்வர் ஒருவர் தம் மகள் நிகாஹைப் பள்ளிவாசலில் பேரீச்சம்பழத்துடன் முடித்தால், "என்ன பேணுதல்! என்ன பணிவு!" என்று ஊர் வியக்கும். அதே பேரீச்சம்பழத்தை ஏழை விவசாயி கொடுத்தால், "பாவம், இவ்வளவுதான் முடிந்தது" என்று இரங்கும். இரங்கப்படுவதை எந்தத் தந்தையும் தன் மகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்ப விரும்பான். ஆகவே அவன் கடன் வாங்குகிறான். இல்லாதவனால் எளிமையைத் தேர்ந்துகொள்ள முடிவதில்லை; அது அவன்மீது சுமத்தப்பட்டதாகவே ஊரின் கண்ணுக்குத் தோன்றுகிறது. வேறு வழியுள்ளவன் ஒருவன் எளிமையைத் தேர்ந்தால்தான் அது எளிமை என்றே பெயர் பெறுகிறது.

ஒருவர் செய்வது மற்றவருக்கு அளவாகிவிடும் என்னும் இவ்வுண்மையைச் சட்ட மேதைகள் நன்கறிந்திருந்தனர். தொகை குறிக்கப்படாத மஹரைக் கணக்கிட அவர்கள் வகுத்த முறைக்கு 'மஹ்ருல் மிஸ்ல்' என்று பெயர். ஒத்தவர்களின் மஹர் என்பது பொருள். பெண்ணின் உடன்பிறந்தாள், தந்தையின் சகோதரி முதலிய தந்தைவழிப் பெண்கள் என்ன மஹர் பெற்றனர் என்று பார்த்து இவளுக்குரியது முடிவு செய்யப்படும். இது பெண்ணின் உரிமையைக் காக்க எழுந்த விதி. ஆனால் இதனுள் பொதிந்துள்ள பார்வையைச் சற்று விரித்துப் பாருங்கள். அத்தைக்கு நடந்தது மருமகளுக்கு அளவுகோலாகிறது. ஊர் வழக்கிலும் அவ்வாறே. பெரிய வீட்டில் நடந்தது நடுத்தர வீட்டுக்கு அளவாகிறது. நடுத்தர வீட்டில் நடந்தது குடிசைக்கு அளவாகிறது. எழுதப்படாத இந்த 'மிஸ்ல்' கணக்கில் ஏழையின் திருமணச் செலவை முடிவு செய்பவன் ஏழையல்லன். அவனுடைய பட்டியலை அவனுக்குமுன் மணம் முடித்த செல்வன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "இறைவன் கொடுத்ததை நான் செலவிடுகிறேன், கடன் வாங்கவில்லை, விலக்கப்பட்டது எதையும் செய்யவில்லை. அடியான்மீது தன் அருட்கொடையின் அடையாளம் தெரிவதை இறைவன் விரும்புவதாக நபிமொழியே உண்டே. என் மகிழ்ச்சியை நான் ஏன் மறைக்க வேண்டும்?" என்று வசதியுள்ளவர் கேட்கலாம். இம்மறுப்பை அலட்சியப்படுத்தலாகாது. மணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதே மார்க்கம்; மண வீட்டில் தஃப் முழங்கியதை நாயகத் திருமேனி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். நம் இலக்கியமும் மண மகிழ்ச்சிக்கு வஞ்சனை செய்ததில்லை. சீறாப்புராணத்தின் மணம்புரி படலத்தில் உமறுப் புலவர் அண்ணலாருக்கும் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கும் நடந்த திருமணத்தைத் தமிழ்க் காப்பிய மரபின் அணிகளெல்லாம் பூட்டிப் பாடியுள்ளார். மகிழ்ச்சி குற்றமன்று.

ஆயினும் மகிழ்ச்சிக்கும் செலவுக்கும் உள்ள உறவை அண்ணலாரின் வாழ்விலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது ஓர் ஆட்டை அறுத்து வலீமா விருந்தளித்தார்கள். தம் மனைவியரில் வேறெவருக்கும் அவர்கள் அவ்வளவு பெரிய விருந்தளித்ததில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தது பயணத்தின் நடுவே. அங்கே ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. அதுவும் வலீமாவே. இருந்தபோது ஆடு, இல்லாதபோது பேரீச்சம்பழம். இரண்டிலும் கையில் உள்ளதே அளவு. பிறர் கண் அளவன்று.

இதனினும் வியப்பூட்டுவது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தி. மதீனாவில் அவர்கள் மணம் முடித்தது அண்ணலாருக்கு முன்னரே தெரியாது. ஆடையில் மணப்பொருளின் மஞ்சள் சாயலைக் கண்டு, என்ன இது என்று வினவிய பின்னரே, அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்துள்ளேன் என்னும் செய்தி வெளிவந்தது. என்னை ஏன் அழைக்கவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மனம் கோணவில்லை, வாழ்த்தினார்கள், ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமா கொடுக்கும்படி பணித்தார்கள். இன்று ஒன்றுவிட்ட மைத்துனருக்கு அழைப்பிதழ் ஒரு நாள் தாமதமானால் இரு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடுகிறது! அழைக்கப்படாததைப் பொறுத்துக்கொள்வதும் எளிய மணத்திற்கு ஊரார் செய்யும் உதவி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

வீண் செலவைக் குறிக்க அரபு மொழியில் இரு சொற்கள் உண்டு. 'இஸ்ராஃப்' என்பது எல்லை கடத்தல். 'தப்தீர்' என்பது விதையைக் குறிக்கும் 'பத்ர்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. எங்கே விழுகிறது என்று பாராமல் வாரி இறைத்தல் என்பது அதன் உட்கருத்து. அவ்வாறு இறைப்போரைத் திருமறை ஷைத்தான்களின் சகோதரர் என்கிறது. செல்வர் தம் பந்தலில் இறைப்பதும் ஒரு வகையில் விதைதான். அது அடுத்த தெருவில் முளைக்கிறது. அங்கே அதற்கு நிலத்தை விற்றும் வட்டி கொடுத்தும் நீர் பாய்ச்ச நேர்கிறது. என் பொருள், என் விருப்பம் என்னும் வாதம் இவ்விடத்தில்தான் தளர்கிறது. செலவு அவருடையது, விளைச்சல் அவருடையதன்று.

இத்தகைய செல்வருள் பலர் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு வாரி வழங்குபவர் என்பதை மறுப்பதற்கில்லை. அது பெரும் நன்மையே. எனினும், ஒரு கையால் உதவித் தொகை கொடுத்து மறு கையால் ஊரின் அளவை உயர்த்திவிட்டால், கொடுத்தது உயர்ந்த அளவை எட்டவே போதாமல் போகிறது. தம் வீட்டு மணத்தை எளிதாக்குவதோ, பெறுபவர் கை நீட்ட வேண்டாத ஸதகா.

எளிமை வேறு, கஞ்சத்தனம் வேறு. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றிலும் விரித்துவிடவும் வேண்டாம் என்பது திருமறையின் நடுவழி. வரும் வாய்க்கால் சிறிதாயினும் போகும் வாய்க்கால் அகலாதவரை கேடில்லை என்று திருவள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் உரைக்கிறார். இதனைச் சிற்றூர்க் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்றும், அரிசியின் எடைக்கு இறைச்சி என்றும், ஓர் ஆட்டில் பத்துக் கிலோ இறைச்சி என்றும் கொண்டால், 200 பேருக்கு 25 கிலோ அரிசியும் மூன்று ஆடுகளும் போதும். 800 பேர் என்றால் 100 கிலோ அரிசியும் பத்து ஆடுகளும் வேண்டும். பந்தலின் நீளமும் பண்டாரியின் கூலியும் பாத்திர வாடகையும் இவ்வெண்ணையே பின்தொடரும். ஆகவே செலவின் கடிவாளம் அழைப்போர் பட்டியலில் இருக்கிறது.

அப்பட்டியலைச் சுருக்கும்போதுதான் சிக்கனமே பாவமாக மாறும் ஆபத்தும் வருகிறது. யாரை விடுவது? மொய் எழுதக்கூடியவரை விட மனம் வராது. எழுத இயலாத ஏழை உறவினரை விடுவது எளிது. செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்று நபிமொழி எச்சரிக்கிறது. வலீமா அழைப்பை ஏற்பது கடமை என்னும் இமாம் நவவீ அவர்கள், அந்த விருந்து செல்வர்க்கு மட்டுமே உரியதாக ஒதுக்கப்படாதிருக்க வேண்டும் என்பதை 'மின்ஹாஜ்' நூலில் நிபந்தனையாக்கியுள்ளார்கள். ஆகவே முதலில் வகைகளைக் குறையுங்கள். ஐந்து வகை இனிப்பை ஒன்றாக்குங்கள். பிரியாணிக்குப் பொருள் போதாதெனில் நெய்ச்சோறும் தால்சாவும் ஆகட்டும். மண்டபத்தை விட்டு வீட்டு முற்றத்தில் பந்தலிடுங்கள். அதற்குப் பின்னும் ஆட்களைக் குறைக்க நேர்ந்தால், தொலைவிலிருந்து வரும் வசதியுள்ள அறிமுகங்களைக் குறையுங்கள். பக்கத்து வீட்டு ஏழையைக் குறைக்காதீர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தின் அழகும் இதுவே. அத்தட்டில் முதலாளியின் பக்கம் என்றும் தொழிலாளியின் பக்கம் என்றும் கோடு கிடையாது.

செலவைச் சுமக்க வேண்டியவர் யார் என்பதும் தெளிவாக வேண்டும். மஹர் மணமகன் கொடுப்பது. வலீமா மணமகன் அளிப்பது. மணத்திற்குப் பின்னர் உணவும் உடையும் உறைவிடமும் அவன் பொறுப்பு. பெண் வீட்டார்மீது ஷரீஅத் ஒரு வேளை விருந்தைக்கூடக் கடமையாக்கவில்லை. மஹரைத் திருமறை 'நிஹ்லா' என்கிறது. கைம்மாறு எதிர்பாராது மனமுவந்து அளிக்கும் கொடை என்பது பொருள். அதனைத் தலைகீழாக்கி நாம் வழங்கும் தமிழ்ச் சொல்லோ கைக்கூலி. சொல்லே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது! கணவனாக இருப்பதற்குக் கூலி. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இக்கூலியைத் தடுத்தது. முஸ்லிம்களின் மஹரை அத்தடையிலிருந்து நீக்கி வைத்தது. கொடைக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாட்டை நாட்டுச் சட்டமும் அறிந்திருக்கிறது.

தமிழ் மண்ணுக்கு எளிய மணம் புதியதன்று. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு மணத்தைக் காட்டுகிறார். உழுந்திட்டுச் சமைத்த உணவு, வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதிதாகப் பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை. பூவும் நெல்லும் கலந்த நீரைப் பெண்கள் மணமகள்மீது சொரிந்து வாழ்த்துகின்றனர். சீர் பற்றியோ கூலி பற்றியோ அப்பாடலில் ஒரு சொல்லும் இல்லை.

கடன் எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். சில தீனார் கடனை விட்டு இறந்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த அண்ணலார் முன்வரவில்லை. அக்கடன் என் பொறுப்பு என்று அபூ கத்தாதா (ரலி) ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள். ஒருவரின் கடனை மற்றவர் ஏற்கும் அந்தப் பெருந்தன்மைக்கு இன்று இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: அக்கடன் பிறவாமலே தடுத்துவிடுவது.

எளிய மணத்தைப் பற்றி இனி ஏழைகளிடம் பேசுவதைச் சற்று நிறுத்துவோம். அவர்கள் அதை அறிவார்கள், ஏங்குகிறார்கள், அஞ்சுகிறார்கள். ஜமாஅத்தின் தலைவர்களே, நிலபுலன் உடையவர்களே, வெளிநாட்டுப் பொருளீட்டி வந்தவர்களே, உலமாப் பெருமக்களே! ஊரில் முதற் பேரீச்சம்பழம் உங்கள் வீட்டு நிகாஹில் வழங்கப்படட்டும். அடுத்து அதே பழத்தை வழங்கும் விவசாயியைப் பார்த்து எவரும் இரங்கமாட்டார். அவருடைய இளைய மகளைக் கேட்டு வருவதற்கும் எவரும் தயங்கமாட்டார். அவருடைய ஐந்து மா நிலமும் அவரிடமே இருக்கும். அந்த நற்பேற்றை நம் ஊர்களுக்கு வல்ல இறைவன் அருள்வானாக!