அழைத்தவர் கடன்

மனிதர் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவிகளுள், செய்வதற்கு மிகச் சிறியதாகத் தோன்றுவதும் கேட்பதற்கு மிகக் கடினமாயிருப்பதும் ஒன்றுண்டு. ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் உதவியே அதுவாகும். நாள் முழுவதும் தொழிலுக்குச் செல்லும் தாயின் பிள்ளையைப் பராமரிக்க ஓர் ஏற்பாடு வேண்டுமென்பதை இன்று எவரும் ஒத்துக்கொள்வர். ஆனால், எப்போதோ ஒரு நாள், எதிர்பாராத வேளையில், ஓரிரு மணி நேரத்திற்கு மட்டும் தேவைப்படும் பராமரிப்பு எவருடைய கணக்கிலும் இடம்பெறுவதில்லை. தாய் வைத்தியசாலைக்குச் செல்ல நேரிடலாம். பிரதேச செயலகத்தில் ஒரு பத்திரத்திற்காகக் காத்திருக்க நேரிடலாம். மரண வீடொன்றிற்குச் சென்றுவர நேரிடலாம். அந்த ஒரு மணி நேரத்தைத் தரவேண்டியவர் யார்? அது அயலவரின் அன்பைச் சார்ந்ததா? பணங்கொடுத்துப் பெறவேண்டிய சேவையா? அன்றேல், உரிமையாகக் கோரத்தக்க கடனா?

இவ்வினா எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாயினும், போர்வீரர் குடும்பத்திலேயே அது மிகுந்த கூர்மை பெறுகிறது. போர்வீரன் தன் நேரத்திற்குத் தான் உரியவனல்லன். அழைப்பு வந்தவுடன் அவன் புறப்படவேண்டும். திரும்பிவரும் நாளை அவனே அறியான். அவனோடு குடும்பமும் இடம்பெயருமாயின், தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் இல்லாத ஊரில் அக்குடும்பம் வாழவேண்டியதாகிறது. குடும்பத்தை ஊரில் விட்டுச் செல்வானாயின், இருவர் சுமக்கவேண்டிய பாரத்தை ஒருத்தி சுமக்கிறாள். படைக்கு அழைக்கப்படுபவன் ஒருவனே எனினும், அழைப்பின் விலையைச் செலுத்துவது ஒரு வீடு முழுவதுமாகும்.

மேலைத் தத்துவத்தின் தொடக்க காலத்திலேயே இப்பிரச்சினை எழுந்தமை குறிப்பிடத்தக்கது. பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் ஐந்தாம் பகுதியில், நாட்டைக் காக்கும் காவலர் வகுப்பினரின் பிள்ளைகளை என்ன செய்வது என்று ஆராய்கிறார். ஆணும் பெண்ணும் காவற்பணியில் ஈடுபடவேண்டும் என்று கூறும் அவர், பிள்ளைகளைப் பொதுவான ஓரிடத்தில் செவிலியரிடம் ஒப்படைக்கவேண்டும் என்கிறார். தாயர் பாலூட்டும் நேரத்தில் அங்கு அழைத்துவரப்படுவர். ஆயினும் தன் பிள்ளை எதுவென்று எத்தாயும் அறியலாகாது. இரவில் கண்விழிப்பதும் ஏனைய தொல்லைகளும் செவிலியரைச் சாரும். தாயைப் பணிக்கு விடுவிப்பதற்காகத் தாய்மையையே அழித்துவிடும் தீர்வு இது. அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலில் இதனை மறுத்தார். மிகப் பலருக்குப் பொதுவான பொருள் மிகக் குறைந்த கவனிப்பையே பெறும் என்பதும், எல்லார்க்கும் பிள்ளையாயிருப்பவன் எவராலும் பேணப்படாதவனாகிவிடுவான் என்பதும் அவரது வாதமாகும்.

இவ்விரு அறிஞரும் வினாவின் இரு எல்லைகளில் நிற்கின்றனர் எனலாம். பொதுப் பணி தாயை அழைக்கிறது என்பதைப் பிளேட்டோ கண்டார். குழந்தையைத் தன்னுடையதென்று எண்ணும் ஒருவர் அருகில் இருக்கவேண்டும் என்பதை அரிஸ்டோட்டில் கண்டார். ஆனால், பிள்ளையை நிரந்தரமாகக் கையளிக்காமலும், முற்றாகத் தானே சுமக்காமலும், சிறிது நேரம் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ளும் எளிய தேவையை இருவருமே நோக்கவில்லை. சாதாரணக் குடும்பம் வேண்டி நிற்பது இவ்விடைவழியையே.

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் இத்தேவையை அரசுகளுக்கு உணர்த்தின. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 இல், ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்த கைசர் கப்பல் கட்டுந்தளங்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. இரவு வேலை செய்த தாயருக்காக அவை இரவிலும் இயங்கின; வேலை முடிந்து பிள்ளையோடு வீடு திரும்பும் தாய் சமைத்த உணவையும் அங்கிருந்தே வாங்கிச் செல்ல முடிந்தது. லன்ஹம் சட்டத்தின் கீழ் அந்நாட்டு அரசு வேறு பல ஊர்களிலும் இத்தகைய நிலையங்களுக்குப் பணம் வழங்கியது. ஆயின், போர் முடிந்ததும், 1946 இல், அந்த உதவி நிறுத்தப்பட்டது. போர் ஓய்ந்தமையால் குழந்தைகளின் தேவை ஓய்ந்துவிடவில்லை. அரசு தனக்குத் தேவையான உழைப்பைப் பெறும்வரை பிள்ளையை நினைத்தது. பெற்ற பின்னர் மறந்தது. பின்னர் 1989 இல் இயற்றப்பட்ட படையினர் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் வேறொரு நோக்கைக் கொண்டிருந்தது. பராமரிப்போரின் பயிற்சியும் ஊதியமும் அதனால் உயர்ந்தன. கட்டணம் குடும்ப வருமானத்தின்படி வகுக்கப்பட்டது. வீட்டில் பிள்ளையை எண்ணிக் கலங்கும் வீரன் முழுமையான வீரனாகான் என்ற உண்மையைப் படையே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

இனி, இவ்வினாவை மாத்தளை மண்ணில் வைத்து நோக்குவோமாயின், அது புதிய பொருளைப் பெறுவதைக் காணலாம். மாத்தளை, சேனையும் உழைப்பும் ஒரே வழியால் நடந்துவந்த நிலம். 1803 இல் ஆங்கிலேயர் இங்கு மக்டோவல் கோட்டையை அமைத்தனர்; 1848 இல் எழுந்த கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் ஒன்று இவ்வூர். அதே நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னாரிலிருந்து காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். மலையகத்தின் வடவாயில் இதுவே. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் எத்தனையோ பேர். அவர்களுள் கைக்குழந்தைகளும் அடங்குவர்.

அவர்கள் அமைத்த தோட்டங்களின் நாளாந்த ஒழுங்கு ஒரு படைமுகாமின் ஒழுங்கைப் பெரிதும் ஒத்திருந்தது. விடியுமுன் தப்பொலி எழும், தொழிலாளர் பிரட்டுக்களத்தில் அணிவகுத்து நிற்பர், பெயர் எழுதப்படும், வேலை பிரிக்கப்படும். பிரட்டு என்னும் சொல்லே படையணியின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபென்பர். குடியிருக்கும் லயம் தொழிலோடு பிணைந்தது. தொழில் போனால் கூரையும் போகும். துப்பாக்கி ஏந்தாவிடினும், அழைப்புக்கு அடங்கிய குடும்பம் என்ற வகையில் தோட்டக் குடும்பம் போர்வீரர் குடும்பத்தின் உடன்பிறப்பாகும். ஒரு வேறுபாடு உண்டு. படை பெரும்பாலும் தந்தையை அழைத்தது. தோட்டமோ தாயையும் சேர்த்தே அழைத்தது.

தாயை அழைத்த தோட்டம் பிள்ளைக்கு ஓரிடம் தரவேண்டியதாயிற்று. அவ்விடமே பிள்ளைக் காம்பரா, அல்லது பிள்ளை மடுவம். கொழுந்து மலைக்குப் போகுமுன் தாய் அங்கு பிள்ளையை விட்டுச் செல்வாள். இறப்பர் மலைகளில் நிலைமை இன்னும் கடினம்; குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு வடியுமாதலால் பால்வெட்டு அதிகாலையிலேயே தொடங்கவேண்டும். பிள்ளை உறங்கி எழுமுன்னரே தாய் மரத்தடியில் நிற்கவேண்டியவளாகிறாள்.

இந்நாட்டின் சட்டமும் இதனைக் கருணையாகக் கருதாது கடமையாகவே கருதியுள்ளது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேரத்தினுள் இரண்டு இடைவேளைகளை அளிக்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளைக் காம்பராவோ வேறு தகுந்த இடமோ இருப்பின் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணி நேரத்திற்குக் குறையலாகாது. இல்லையாயின் ஒரு மணி நேரத்திற்குக் குறையலாகாது. இச்சிறு விதியில் ஒரு பெரும் அறக்கருத்து பொதிந்துள்ளது. பிள்ளைக்கு இடம் தராத முதலாளி, அக்குறையைத் தன் நேரத்தால் ஈடுசெய்யவேண்டும். தாய் கேட்டுப்பெறும் சலுகையாக அன்றி, அழைத்தவர் செலுத்தும் கடனாகவே அந்த அரை மணி நேரம் கணிக்கப்படுகிறது.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. அதன் பின்னர், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் முயற்சியால் பழைய பிள்ளைக் காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டனர். இம்மாற்றம் பாராட்டத்தக்கது. ஆயினும் ஓர் அடிப்படை மாறவில்லை. அந்நிலையத்தின் நேரம் வேலையின் நேரமாகும். தோட்டத்திற்காகத் தாய் செலவிடும் மணிகளுக்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு, தாய் தனக்காகவும் தன் குடும்பத்திற்காகவும் செலவிடவேண்டிய மணியைக் கருதுவதில்லை. எல்கடுவையிலிருந்தோ இரத்தோட்டையிலிருந்தோ மாத்தளை வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் தாய்க்கு அரை நாள் வேண்டும். தோட்டத்தில் பெயர் பதியாது நகரில் கூலிவேலை தேடும் பெண்ணுக்கும், தாய் மத்திய கிழக்கு நாடொன்றிற்குப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட, பேரப்பிள்ளையைத் தாங்கி நிற்கும் பாட்டிக்கும் இதே தேவை உண்டு.

அந்த அரை நாளை அப்போது தருபவர் யார்? பெரும்பாலும் அவ்வீட்டின் மூத்த பெண்பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பத்து வயதுச் சிறுமி அன்று பாடசாலைக்குச் செல்வதில்லை. ஒரு நாள் பல நாட்களாகின்றன. பின்தங்கிய பாடம் ஒரு நாள் கைவிட்ட பாடமாகின்றது. பெரியோர் எவரும் செலுத்தாத கடனை, கடன்படாத ஒரு குழந்தை தன் கல்வியைக் கொண்டு செலுத்துகிறது. ஒரு மணி நேரப் பராமரிப்பு அற்பமான விடயமென்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

இதே மாவட்டத்தின் சிங்களக் கிராமங்களிலும் நிலைமை முற்றிலும் வேறன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில், வறிய கிராமங்களின் இளைஞர் பெருந்தொகையாகப் படையிற் சேர்ந்தனர். விடுமுறைக்கு மட்டும் வரும் கணவனை எதிர்பார்த்து, கைக்குழந்தையோடு ஊரில் தனித்திருந்த பெண்கள் பலர். படையினர் குடும்ப நலனுக்கென சேவா வனிதா பிரிவுகள் உள்ளன. எனினும் முகாமுக்கருகே அமையும் வசதி, தொலைவிலுள்ள கிராமத்துப் பெண்ணுக்கு எளிதில் எட்டாது. அப்போரின் நினைவு தமிழர் நெஞ்சில் எளிதில் ஆறாத புண் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் எந்தக் குழந்தையும் எந்தச் சேனையையும் சேர்ந்ததன்று. மாத்தளை வைத்தியசாலையின் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் படைவீரன் மனைவிக்கும் தோட்டத் தாய்க்கும் மொழி வேறாயினும், வீட்டில் விட்டுவந்த பிள்ளையைப் பற்றிய கவலை ஒன்றே.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, அயலவர் அன்பினால் செய்வதைக் கடனென்றும் ஊதியமென்றும் பேசினால் அன்பு வற்றிவிடும் என்பது. செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த தமிழ் மரபில் இம்மறுப்பு வலிமையுடையது. லயத்தின் அடுத்த காம்பராப் பெண் பிள்ளையை ஏந்திக்கொள்வது உயர்ந்த அறமே. ஆனால், அவளும் நாட்கூலி பெறுபவள். அவள் பிள்ளையோடு இருந்தால் அன்றைய பெயரை இழப்பாள். ஓர் ஏழையின் உதவியைக் கொண்டு ஒரு நிறுவனம் தன் கடனைத் தீர்த்துக்கொள்ளுமாயின், அங்கு போற்றப்படுவது அன்பன்று, சுரண்டப்படுவதே அன்பு. கடன் ஒழுங்காகச் செலுத்தப்படும் இடத்திலேதான் உதவி மெய்யாகவே உதவியாக நிற்கமுடியும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. எப்போதோ வரும் தேவைக்காக எப்போதும் ஒருவரை வைத்திருப்பது வீண்செலவு என்பர். இதற்கு விடையைப் போர்வீரனிடமே காணலாம். போர் நிகழாத நாளிலும் அவனுக்குச் சம்பளம் உண்டு. காவற்கோபுரத்தில் இரவு முழுவதும் நின்று, எதிரி எவரும் வராமையால் வீணே நின்றான் என்று எவரும் கூலியைக் குறைப்பதில்லை. அவன் பெறுவது ஆயத்தமாயிருத்தலுக்கான ஊதியம். நாட்டின் பாதுகாப்பிற்கு இந்நியாயம் பொருந்துமாயின், பிள்ளையின் பாதுகாப்பிற்கு ஏன் பொருந்தலாகாது? எந்தப் பிள்ளையும் வராத நாளிலும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் பெண் ஒரு பணியையே செய்கிறாள். அவள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையே தாய்க்கு வேண்டிய பாதி உதவியாகும்.

அரிஸ்டோட்டிலின் அச்சமும் இங்கு மறக்கத்தக்கதன்று. முன்பின் அறியாதவரிடம் பிள்ளையை விடுதல் உதவியாகாது. ஒரு மணி நேரத்திற்காயினும், பிள்ளை அறிந்த முகமும் பிள்ளையின் பெயரை அறிந்த வாயும் வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எழுப்பவேண்டியதில்லை. மாத்தளைத் தோட்டங்களில் ஏற்கெனவே நிற்கும் சிறுவர் நிலையங்கள், வேலைக்குச் சென்ற தாயின் பிள்ளைக்கு மட்டுமன்றி, அயற்கிராமத்துப் பிள்ளைக்கும் குறித்த சில மணி நேரம் திறக்கப்படலாம். பிள்ளைகள் முன்னரே பதிவுசெய்யப்பட்டு அங்கு பழக்கப்படலாம். எதற்காகப் போகிறாய் என்று தாயைக் குறுக்கு விசாரணை செய்யாதிருத்தலும் இன்றியமையாதது. காரணம் சொல்லிக் கெஞ்சிப் பெறுவது உரிமையாகாது. அதற்கான செலவை அழைப்பவர்களே, அதாவது தோட்டக் கம்பனியும் படையும் அரசும், பகிர்ந்து ஏற்றல் நியாயமாகும்.

ஒரு சமுதாயம் தன் பணிக்கு மனிதரை அழைக்கும்போது, அவர் தனியராக வருவதில்லை. அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கிறது; அல்லது அக்குழந்தையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கே இறக்கி வைத்தார் என்று கேட்பது அழைத்தவரின் முதற் கடமையாகும். இவ்வினா பிரட்டுக்களத்திலும் படைமுகாமிலும் அலுவலகத்திலும் கேட்கப்படும் நாளில், பாடசாலைக்குச் செல்லவேண்டிய மூத்த சிறுமி புத்தகப் பையோடு வீட்டிலிருந்து புறப்படுவாள்.