சிவன் சொத்தும் பஞ்சமி நிலமும்

மாமல்லபுரம் பக்கம் பண்ணை நிலம் வாங்கப் போகிறவரைக் கவனியுங்கள். வாஸ்துக்காரரைக் கூட்டிப் போவார். நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயோடு ஒருவர் நடப்பார். வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கும். கோயில் நிலம் என்று யாராவது முணுமுணுத்தால், 'சிவன் சொத்து குலநாசம்' என்று விலகிவிடுவார். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கிய டி.சி. நிலம், அதாவது பஞ்சமி நிலம் என்றால்? "பட்டா மாறிடுச்சு சார், பிரச்னையே இல்ல" என்பார் தரகர். கிரயம் முடிந்து, சவுக்கும் நட்டாகிவிடும்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டுச் சேரிக்காரர் மனுப் போட்டால், மிராசுதார் குறுக்கே வந்து, வழக்கப்படி முன்னுரிமை தனக்கே என்பார். சேரிக்காரரின் குடிசை இருந்த மனையும் பெரும்பாலும் அவர் பிடியில்தான். எதிர்த்தால் வீடு போகும். வழக்காற்று நில உரிமை என்று இன்று உருகுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். உழுதவனுக்கு எதிராக வழக்காறே வேலி போட்ட ஊர் இது.

அறிக்கையின் பலனாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. அதன்வழி சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் சேரிக்காரருக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பத்தாண்டு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.

"அவங்களே தானே வித்தாங்க?" நன்கு படித்தவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, வட்டிக்கடன் என்று வந்தால் ஏழை விற்பான். அது தெரிந்துதானே அந்த நிபந்தனையே போட்டார்கள்? நெருக்கடியில் கையெழுத்து வாங்கிவிட்டு அதைச் சம்மதம் என்பது கந்துவட்டிக்காரன் நியாயம்.

மாமல்லபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத காரணையில் தலித் மக்கள் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பினார்கள். 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அவர்கள் கேட்டது புதுச் சலுகை எதுவுமில்லை. அரசாங்கமே நூறு வருஷத்துக்கு முன் எழுதிக்கொடுத்ததை.

பக்தரை விடுங்கள், அவருக்குச் சிவனிடமாவது பயம் இருக்கிறது. ராகுகாலத்தில் பத்திரம் பதிந்ததைப் பெருமையாகச் சொல்லும் நம் பகுத்தறிவுத் தோழர்களைத்தான் கேட்கிறேன். வில்லங்கச் சான்று, நடந்த பதிவுகளைத்தான் காட்டும். நிலம் யாருக்காக ஒதுக்கப்பட்டது என்பதற்குப் பழைய அ-பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். கூடத்தில் பெரியார் படம் மாட்டிய பண்ணைவீட்டின் சர்வே எண்ணை எழுதிக்கொண்டு, தாலுகா ஆபீசுக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?