பிள்ளையின் கண்ணும் பெற்றோரின் கடமையும்

"பிள்ளையின் கையிலே கைத்தொலைபேசியைக் கொடுப்பது பாவமா, சாமி?" பலாபத்வலைப் பக்கத்துக் குடும்பங்களிடையே இப்படிக் கேட்போர் உண்டு. பெரும்பாலும் பிள்ளைக்கு முதன்முதலாக மூக்குக்கண்ணாடி வாங்கிய கையோடுதான் இக்கேள்வி எழுகிறது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். விடயம் அவ்வளவு சுலபமானதன்று.

பாடநூல்களில் குறும்பார்வை எனப்படும் கிட்டப்பார்வை, பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுவதால் வருவது. தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையிற் படாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். கரும்பலகை மங்கும், கையிலுள்ள புத்தகம் தெளிவாயிருக்கும். கண்ணாடி பார்வையைத் திருத்துமேயன்றி நீண்ட விழியைச் சுருக்காது. மிகவும் நீண்டுவிட்ட கண்ணிலே பிற்காலத்தில் விழித்திரை கழன்றுவிடும் ஆபத்தும் கூடுகிறது. இது புதிய குறையுமன்று. 1513 முதல் 1521 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் பத்தாம் சிங்கராயர் கிட்டப்பார்வையுள்ளவர். ராபாயேல் தீட்டிய படத்திலும் கையில் ஒரு கண்ணாடி வில்லையோடுதான் அமர்ந்திருக்கிறார். பாவம், அவரிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை!

அப்படியானால் எதைக் குற்றஞ் சொல்வது? சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சத்துப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதினரை, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29.1 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 பேருக்கே. சிட்னிப் பிள்ளைகள் வாசிப்பிற் குறைந்தவர்களல்லர். உண்மையில் அவர்களே கூடுதலாக வாசித்தார்கள். ஆனால் அவர்கள் வாரத்தில் ஏறக்குறைய 13 மணி 45 நிமிடம் வெளியே திரிந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ மூன்று மணிக்குச் சற்றுக் கூட. பின்னர் சீனாவின் குவாங்சோ நகரிலே சில பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில், வழமைபோல் நடந்த பாடசாலைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்கும், வெளியே விட்ட பாடசாலைகளில் 30.4 பேருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. இது 2015இல் வெளியான முடிவு. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது அறிஞர் பலரின் விளக்கம்.

இதனால் கைத்தொலைபேசி குற்றமற்றதென்று ஆகிவிடாது. முகத்துக்கு மிக நெருக்கமாகப் பிடித்து மணிக்கணக்கில் பார்ப்பதும் கண்ணுக்குக் கேடே. ஆயினும் அது செய்யும் பெருந்தீங்கு, பிள்ளையை வெயிலுக்கு வரவிடாமல் அறைக்குள்ளே பிடித்துவைப்பதுதான். அதையே ரியூஷன் வகுப்பும் செய்கிறது. இவ்விடத்தில்தான் நமக்குச் சங்கடம். தொலைபேசியைப் பறிப்பது நல்ல பெற்றோருக்கு அழகு என்கிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்காகப் பிள்ளையை இருட்டும்வரை தகரக் கொட்டகைக்குள் அடைத்துவைப்பதும் அழகு என்றே எண்ணுகிறோம். கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புனித தோமஸ் அக்குவினாஸ் கல்விநாட்டத்தை ஒரு புண்ணியமாகவே கொண்டார். ஆனால் அதை வைத்த இடம் கவனிக்கத்தக்கது: அளவோடிருத்தல் என்னும் தலையாய புண்ணியத்தின் கீழே வைத்தார். உணவுக்கு அளவு வேண்டும் என்பதுபோல அறிவுப் பசிக்கும் அளவு வேண்டும் என்பது அவர் கருத்து. பிள்ளையின் அறிவுப் பசிக்கே அளவு வேண்டுமானால் பெற்றோரின் பரீட்சைப் பசிக்கு வேண்டாமா?

கண்ணைப் பற்றி நாம் இதுவரை கேட்ட பிரசங்கங்களெல்லாம் எதைப் பார்க்கலாகாது என்பதைப் பற்றியவை. பார்க்கும் கண்ணே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கொடை என்பதை அதிகம் பேசியதில்லை. டிசெம்பர் 13இல் புனித லூசியாளை நினைக்கிறோம்; கொட்டாஞ்சேனைப் பேராலயம் வரை சென்று கண்ணுக்காக நேர்த்தி வைப்போரும் உளர். நன்று. ஆனால் நம் முற்றத்திலே இறைவன் தந்திருக்கும் வெளிச்சத்துக்கு நேர்த்தியும் வேண்டாம், பஸ் கட்டணமும் வேண்டாம். மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் நிழலிற்கூட வீட்டறையைவிடப் பன்மடங்கு வெளிச்சம் உண்டு. சிங்கப்பூரின் அடுக்குமாடித் தாய்க்கு இந்த முற்றம் ஏது?

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில் இது. தொலைபேசியைக் கொடுப்பது தன்னிலே பாவமன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமே கடன்பட்டு வாங்கிக் கொடுத்தோம். அன்று அது கடமையாயிருந்தது. தீங்கு தெரியாதிருந்தவர் மேலும் குற்றமில்லை. தெரிந்த பின்னர், நமது அமைதிக்காகவோ நமது பெருமைக்காகவோ பிள்ளையை வெளிச்சத்திலிருந்து ஒதுக்கி வைத்தால், அது செய்யாமல் விட்ட கடமை என்னும் வகையைச் சேரும். பாவசங்கீர்த்தனத்தில் நாம் எளிதாக மறந்துவிடும் வகை அது.

தோட்டத்திலே கொழுந்தெடுத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் லயத்துக்குத் திரும்பும் தாயிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை வீதியில் பஸ்ஸில் அடிபடாமல் வீட்டுக்குள் இருந்ததே அவளுக்குப் பெரிது. தொலைபேசிதான் அவளுடைய காவற்காரி. அவளிடம் கேட்கக்கூடாததைப் பங்கிலுள்ள மற்றவர்களிடம் கேட்கலாம். பின்னேரங்களில் லயத்து முற்றத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியோ, வேலை தேடிக்கொண்டிருக்கும் ஓர் அண்ணனோ இல்லையா? ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஆலய முற்றத்தில் ஓடவிடுங்கள். ரியூஷன் பையோடு வாசலில் காத்திருக்கும் தந்தைமாரே, அந்த ஒரு மணி நேரம் நீங்களும் மரத்தடியில் உட்காருங்கள். தேநீருக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.